மூட்டம், மழை, காற்று: நிலக்காட்சிப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாறு பேராகச் சேர்ந்து கடற்கரைக்கோ மலைக்கோ போய்ப் படமெடுத்துத் திரும்புவது எங்கள் வழக்கம். புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. "என்கிட்ட மொபைல் மட்டும்தான் இருக்கு. நானும் வரலாமா?"

தாராளமாக வரலாம். எங்கள் குழுவில் எனக்கு மிகவும் பிடித்த படங்களில் இரண்டு மொபைலில் எடுத்தவை. முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாக்கெட்டில் கிடந்த போனில் விரல் எண்ணெய் படிந்திருக்கும், சூரியனை நோக்கிப் பிடித்ததும் படம் முழுக்க வெள்ளையாகப் பரவும். அப்புறம், திரையில் வானத்தைத் தொட்டுவிட்டு பக்கத்தில் வரும் சின்னச் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வெளிச்சம் குறையக் குறைய மேகத்தின் நிறம் திரும்பி வரும்.

மொபைல் தடுமாறும் இடம், தூரத்து மலை அடுக்குகள். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் குழைந்துவிடும், அதற்குப் பதில் பக்கத்தில் இருப்பதை முன்னால் வைத்து எடுங்கள். 'தண்ணீர் புகாத போன்' என்ற விளம்பரத்தை நம்பி அலையில் இறங்க வேண்டாம். அந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்புநீர் சார்ஜ் போடும் துளையை அரித்துவிடும்.

2. "எந்த மாசம் எங்க போனா நல்லா இருக்கும்?"

தமிழ்நாட்டில் இதற்குப் பதில் இரண்டு பருவமழையில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டிவிடும். நம் பக்கம் வருவது காற்றும், கணவாய்கள் வழியே நுழையும் சாரலும். செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரே இருப்பதால்தான் தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடியில் வெயிலும் சாரலும் கண்ணாமூச்சி ஆடுகின்றன. வயல், பனைமரம், பின்னால் மேகம் போர்த்திய மலை என்று அந்த இரண்டு மாதமும் எனக்குத் தென்காசிதான். சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூப்பதும் அந்தச் சமயத்தில்தான். வால்பாறை அந்த மழையை நேரடியாகவே வாங்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. கிழக்குக் கரையில் விடியற்காலை மேகங்கள் மிக அழகாக இருக்கும். மாமல்லபுரம், தரங்கம்பாடி எல்லாம் இப்போதுதான். கொடைக்கானலில் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். பழைய பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள் என்றது. மலை நிலமான குறிஞ்சிக்கு அது சொன்ன பெரும்பொழுது (பருவம்) கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை வரை. கொடைக்கானலுக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் மாதங்களும் அவையே.

டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஊட்டி பக்கம் தலைகுந்தா புல்வெளிகளில் உறைபனி படியும். சமவெளியில் கண்மாய் மேல் பனிப்புகை எழும். மாசி, பங்குனியில் காற்றில் தூசும் புகையும் ஏறிவிடும், மலை அடுக்குகள் மங்கித் தெரியும், காட்டுத்தீ அபாயமும் உண்டு. அப்போது நான் மலைக்குப் போவதில்லை. சித்திரையில் ஒரு நல்ல கோடை மழை பெய்து முடிந்த மறுநாள் காலை மட்டும் விதிவிலக்கு. காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

3. "சூரிய உதயம் 6.15னு போட்டிருக்கு. ஆறு மணிக்கு வந்தா போதும்ல?"

போதாது. நாங்கள் உதயத்துக்கு 45 நிமிடம் முன்பாவது இடத்தில் நிற்போம். நம் மாநிலம் 8 முதல் 13½ பாகை வடக்கு அட்சரேகைக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் அடிவானத்தை ஏறக்குறைய நேர்க்குத்தாகக் கடக்கும். அதனால் விடியல் வெளிச்சம் ஐரோப்பாவில் போல நீண்டு கிடக்காது, 20, 25 நிமிடத்தில் முடிந்துவிடும். மேகத்தின் அடிவயிறு சிவப்பது பல நாள் அந்த நேரத்துக்குள்தான். 6.15க்கு சூரியன் வரும்போது நிறம் வெளுத்திருக்கும்.

மலையில் கணக்கு வேறு. கிழக்கே ஒரு முகடு இருந்தால் சூரியன் அதைத் தாண்டி வர அரை மணி கூட ஆகும், ஆனால் அதற்கு முன்பே மேற்கே உள்ள உயரமான சரிவில் வெயில் படும். கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்காமல் அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

4. "வானம் ஒரே மூட்டமா இருக்குண்ணே. கிளம்பலாமா, கேன்சல் பண்ணிடலாமா?"

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. கிளம்புங்கள். நீல வானம், பளீர் வெயில் என்பது சுற்றுலாவுக்கு நல்லது, படத்துக்கு அல்ல. காட்டுக்குள் வெயில் அடித்தால் தரையெல்லாம் வெள்ளைத் திட்டும் கறுப்புத் திட்டுமாக இருக்கும். மூட்டத்தில் அதே இடம் ஒரே சீராக, இலையின் பச்சை முழுதாகத் தெரியும்படி இருக்கும். அருவிக்கும் ஓடைக்கும் மூட்டமே சிறந்த வெளிச்சம்.

கடற்கரையில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உயரத்தில் சிதறிய மெல்லிய மேகம் இருந்து, சூரியன் இருக்கும் திசையில் அடிவானத்தில் ஓர் இடைவெளி இருந்தால் வானம் தீப்பிடித்ததுபோல் சிவக்கும். தாழ்ந்த மேகம் அடிவானம் வரை மூடியிருந்தால் நிறம் வராது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் மேகத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் முந்தைய இரவும் அதிகாலை நாலு மணிக்கும் பார்ப்பேன்.

மழை வரப்போகும் பத்து நிமிடம், மழை விட்ட பத்து நிமிடம், இந்த இரண்டுக்காகத்தான் நான் இத்தனை வருடமாக அலைகிறேன். கறுத்த மேகத்தின் முன்னால் ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்து பனைமரம் பொன்னாக நிற்கும். கிளம்பாமல் வீட்டில் இருந்தவருக்கு அது கிடைக்காது.

5. "அப்போ எந்த நாள்தான் நீங்க போக மாட்டீங்க?"

வானிலைத் துறை தரும் நிற எச்சரிக்கையைப் பார்த்து முடிவு செய்கிறோம். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. மழைக்கு மஞ்சள், 12 முதல் 20 செ.மீ. வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. மஞ்சளில் சமவெளியும் கடற்கரையும் சரி, மலைப்பாதை வேண்டாம். ஆரஞ்சும் சிவப்பும் வந்தால் எங்கும் இல்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் வடகிழக்குப் பருவத்தில் மண்சரிவு வழக்கமாக நடப்பது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் கரைப் பக்கமே போக மாட்டோம்.

இடி மின்னல் தனிக் கணக்கு. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ட்ரைபாடை (கேமரா வைக்கும் முக்காலி) மடக்கி காருக்குள் போய்விட வேண்டும். தனி மரத்தடியிலும் மொட்டைப் பாறையிலும் நிற்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வருவோம். இதில் குழுவில் யாருக்காகவும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

6. "கேமரால என்ன செட்டிங் வைக்கணும்? ஒரே வரியில சொல்லுங்க."

ட்ரைபாடில் இருந்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளை, எண் கூடினால் துளை சிறிதாகும்) 8 அல்லது 11, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), இரண்டு விநாடி டைமர். கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறையாதபடி ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். எஃப் 16, 22 என்று போனால் எல்லாம் கூர்மையாகும் என்று நினைப்பார்கள். ஒளி சிறு துளையில் சிதறி, படம் மொத்தமாக மென்மையாகிவிடும்.

7. "மேகத்துக்குள்ள எடுத்தா படம் சாம்பலா, அழுக்கா வருதே?"

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளை மேகத்தையும் அப்படியே சாம்பலாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வரை ஏற்றுங்கள், மேகம் வெண்மையாகும். ஃபோகஸ் தானாகப் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடினால், மங்கலில் தெளிவாகத் தெரியும் ஒரு மரத்தண்டில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், காத்திருப்பது. மேகம் ஒரே கனத்தில் நிற்காது. கொடைக்கானலில் மேகம் இறங்கி ஏறும்போது பார்த்திருப்பீர்கள், ஒரு நிமிடம் பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை, அடுத்த நிமிடம் மரங்கள் ஒவ்வொன்றாக வெவ்வேறு கனத்தில் வெளியே வரும். பக்கத்து மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது கோடு மாதிரி. அந்த அடுக்குதான் படம். இடத்தை மாற்றாமல் அரை மணி நின்றாலே இரண்டு மூன்று முறை கிடைத்துவிடும்.

8. "கண்ணால பாக்கிறப்போ காடு அவ்வளவு அழகு. படத்துல ஒரே குப்பையா இருக்கு. ஏன்?"

கண் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது, கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. நம் மலைகளில் ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் பள்ளங்களில் இருக்கும் சோலைக்காடு இதில் மிகவும் கடினமானது. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாசியும் பெரணியும் போர்த்தி, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முதலில் வானத்தைப் படத்திலிருந்து நீக்குங்கள். இலைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளை ஓட்டைதான் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். அடுத்து ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. அதன் தண்டு வேறு எந்தத் தண்டோடும் ஒட்டாமல் தெரியும் வரை இடமும் வலமும் நகருங்கள். சில சமயம் ஓரடி நகர்ந்தால் போதும்.

பைன் தோப்பில் எடுத்தால் சுலபமாக அழகாக வருகிறதே என்பார்கள். நேராக வரிசையில் நட்டவை, வரத்தானே செய்யும். ஆனால் பைனும் யூகலிப்டஸும் வெளியிலிருந்து கொண்டுவந்து புல்வெளியில் நடப்பட்டவை. அங்கே பழகுங்கள், பிறகு சோலையின் ஓரத்துக்கு வாருங்கள். துளிர் விடும் காலத்தில் சோலையின் மேற்பரப்பு முழுவதும் செந்துளிராக இருக்கும். எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் பச்சை, செம்பு, மஞ்சள் என்று காலிஃபிளவர் குவியல்போல இருக்கும். அதற்கு நீள லென்ஸ் வேண்டும். காட்டுக்குள் நுழைய வேண்டாம், சாலையோரத்திலிருந்தே எடுக்கலாம்.

9. "போலரைசர் ஃபில்டர் அவசியமா? எடிட்டிங்லயே செஞ்சுக்கலாமே?"

நான் ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்குவேன். நனைந்த இலையின் மேல் படியும் வெள்ளைப் பளபளப்பை நீக்கி அடியில் உள்ள பச்சையைக் காட்டும். பதிவாகாத நிறத்தை எடிட்டிங்கில் கொண்டுவர முடியாது. சுமார் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சம் குறையும், அதனால் ட்ரைபாட் வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானத்தில் அதன் வேலை அதிகம். அகல லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும், அங்கே கழற்றிவிடுங்கள். வானவில் வரும்போது ஃபில்டரைத் தவறாகச் சுழற்றினால் வில்லே மறைந்துவிடும், சரியாகச் சுழற்றினால் இன்னும் எடுப்பாகும். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் 42 பாகை ஆரத்தில் வரும். சூரியன் அதைவிட உயரத்தில் இருந்தால் சமவெளியில் வில் தெரியாது. காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே தேடுங்கள்.

10. "அலையெல்லாம் பட்டு மாதிரி வழவழன்னு வருமே, அது எப்படி?"

ஷட்டரை நீட்டுவதுதான். வெளிச்சம் அதிகமிருந்தால் லென்ஸின் முன் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) போட வேண்டும். பின்வாங்கும் அலை மணலில் கோடு கோடாக இழுத்துச் செல்வதற்கு அரை விநாடி முதல் ஒரு விநாடி. அருவிக்குக் கால் விநாடியிலிருந்து தொடங்குங்கள். அலை பாறையில் மோதிச் சிதறுவதை உறைய வைக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இரண்டு நிமிடம் திறந்து வைத்துக் கடலைப் பால்போல ஆக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. எந்தக் கடல், எந்தக் காற்று என்பதே அழிந்துபோகிறது. ஆடி மாதத்து முட்டம் (கன்னியாகுமரி மாவட்டக் கரை) கடலும் தை மாதத்து முட்டம் கடலும் ஒன்றாகத் தெரியும் படம் எதற்கு?

11. "பாறை நுனியில நின்னா ஆங்கிள் பிரமாதமா இருக்கு. எவ்வளவு தூரம் போகலாம்?"

பாறையில் நனைந்த கோடு எங்கே முடிகிறதோ அதற்குப் பத்தடி பின்னால். இறங்குமுன் கால் மணி நேரம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலை ஒவ்வொரு முறையும் வராது. எத்தனையோ சின்ன அலைக்குப் பிறகு ஒன்று மட்டும் இரண்டு மடங்கு உயரத்தில் ஏறும். முட்டத்தில் ஓர் ஆனி மாத மாலை நான் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு இறங்கினேன். ட்ரைபாடும் அதன் மேலிருந்த கேமராவும் போயின. அதற்கு ஓரடி பின்னால்தான் நான் நின்றிருந்தேன். கூட வந்தவர் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

தெற்குக் கரையில் இன்னொரு ஆபத்து, கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் இப்படிப்பட்ட நாளில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, கிளம்பும் முன் பாருங்கள். கரையில் வலை பிரிக்கும் அண்ணன்மாரிடம் "இன்னைக்குக் கடல் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் தலையாட்டவில்லையென்றால் நான் கேமராவைத் திறப்பதில்லை.

12. "தனுஷ்கோடில ரெண்டு பக்கமும் கடல். எந்தப் பக்கம் எடுக்கிறது?"

காற்றைப் பொறுத்தது. அங்குள்ளவர்கள் வடபக்கத்துப் பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும், தென்பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மேற்கிலிருந்து கச்சானும் தெற்கிலிருந்து சோழகமும் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் வடபக்கமும் கலங்கிவிடும். அலை வேண்டுமா, கண்ணாடிபோன்ற நீரில் வானத்தின் நிழல் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரையே கொண்டுபோனது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறி நின்று எடுக்காதீர்கள், சுவர்கள் உப்பில் அரித்துப்போனவை. அங்கே குடிசை போட்டு மீன் விற்கும் குடும்பங்களைக் கேட்காமல் எடுப்பதும் வேண்டாம். மணல் காற்றில் லென்ஸ் மாற்றக் கூடாது, ராமேஸ்வரத்திலேயே மாட்டிக்கொண்டு வாருங்கள். சாலையில் வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. போகும் நாளன்று ராமேஸ்வரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

13. "கன்னியாகுமரில உதயம், அஸ்தமனம் ரெண்டும் கடல்லயே தெரியும்ங்கிறாங்க. நான் போனப்போ தெரியலையே?"

மே, ஜூனில் போயிருப்பீர்கள். கரை அங்கிருந்து வடமேற்காக வளைந்து போகிறது. வேனிலில் சூரியன் வடக்கே சாய்ந்து மறைவதால் நிலத்துப் பக்கம் இறங்கிவிடும். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அப்போது நேராகக் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். சித்ரா பௌர்ணமியன்று மேற்கே சூரியன் மறைய, கிழக்கே கடலில் நிலா எழும். கூட்டம் நெரியும், ஆனாலும் ஒருமுறை பார்க்க வேண்டியது.

14. "ட்ரைபாடைப் பார்த்ததும் காவலாளி தடுக்கிறாரே, என்ன செய்ய?"

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குள் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் அப்படிப்பட்டது. காவலாளி தன் வேலையைச் செய்கிறார், வாக்குவாதம் வேண்டாம். மே, ஜூனில் அங்கே உதயம் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும், வளாகம் திறந்திருக்காது. வெளியே மணலிலிருந்து கோயிலின் நிழலுருவத்தை எடுப்பதே அந்த மாதங்களில் நல்ல வழி.

தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் நிலம். வால்பாறையில் சாலையிலிருந்து எடுங்கள், தோட்டத்துக்குள் இறங்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

15. "ட்ரோன் கொண்டு வரட்டுமா?"

எங்கள் குழுவோடு வருவதென்றால் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் பொதுவாக 120 மீட்டர் வரை பறக்கலாம், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது. கிளம்பும் முன் அரசின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். காட்டுக்கு வனத்துறையின் அனுமதி தனி. தனுஷ்கோடி பன்னாட்டுக் கடல் எல்லைக்கு அருகில் இருப்பது, அங்கே முயற்சியே வேண்டாம். இதெல்லாம் ஒருபுறம் இருக்க, அந்த இரைச்சலில் பறவைகள் கூட்டைவிட்டு எழுவதை ஒருமுறை பார்த்தேன். எனக்கு அது போதும்.

16. "காட்டுக்குள்ள நடந்து போய் எடுக்கலாமா? யாரைக் கேக்கணும்?"

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், இரண்டாம் கேள்வியில் மாசி, பங்குனியைத் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது.

யானை இருக்கும் பகுதியில் விடியலுக்கு முன் நடக்க மாட்டோம். வால்பாறையில் யானை அருகில் இருந்தால் எச்சரிக்கும் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எரிந்தால் நின்றுவிடுங்கள், வண்டியைவிட்டு இறங்காதீர்கள். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு முழங்கால் வரை வரும் அட்டைத் தடுப்புக் காலுறை போட்டால் போதும். ஏறிவிட்டால் நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

17. "மழையில கேமரா நனைஞ்சிருச்சு. அரிசிக்குள்ள போட்டு வைக்கவா?"

வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போய்விடும். பேட்டரியையும் கார்டையும் கழற்றி, துணியால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் ஒருநாள் வையுங்கள். கடல் தெறித்தது என்றால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைக்க வேண்டும், உப்பு உலர்ந்து ஒட்டினால் கண்ணாடியைக் கீறும். ட்ரைபாட் கால்களையும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். முன்னெச்சரிக்கைக்கு, ஒரு சாதா பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் ஒரு குடையும் போதும். மைக்ரோஃபைபர் துணி மட்டும் நான்கைந்து வேண்டும், ஒன்று நனைந்தால் அத்தோடு சரி.

பெரிய எதிரி மழையைவிட, வீட்டுக்கு வந்தபின் ஃபங்கஸ். கொடைக்கானலில் நனைந்த பையை ஒரு கார்த்திகையில் அப்படியே பீரோவில் வைத்துப் பொங்கல் கழித்துத் திறந்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல வெள்ளை நூல். சுத்தம் செய்த பிறகும் கண்ணாடிப் பூச்சில் தழும்பு போகவில்லை. அறுபது சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தாலே அது வளரத் தொடங்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வையுங்கள், மாதம் ஒருமுறை ஜெல்லைச் சூடாக்கி உலர்த்துங்கள். வசதி இருந்தால் டிரை கேபினட்டில் 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கலாம். எதுவும் இல்லையென்றால் லென்ஸை வெளியிலேயே வைத்து அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

18. "லாட்ஜ்ல இருந்து வெளிய வந்ததும் லென்ஸ் மூடிக்குது. உள்ள தண்ணி போயிருச்சா?"

இல்லை. ஏ.சி. அறையில் குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரையின் ஈரக்காற்று படிந்து நீராகிறது, குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பதுபோல. துடைத்தால் மறுபடி மூடும். இரவே பையை ஏ.சி. இல்லாத இடத்தில், குளியலறையைத் தவிர்த்து, வையுங்கள். மறந்துவிட்டால் பையைத் திறக்காமல் அரை மணி வெளிக்காற்றில் விடுங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன 45 நிமிடம் இதற்கும் உதவும்.

19. "வானம் சரியா அமையல. எடிட்டிங்ல வேற வானத்தை ஒட்டிக்கலாமா?"

என் கருத்தைச் சொல்கிறேன்: கூடாது. வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது, மங்கலை நீக்குவது எல்லாம் சரி. வானத்துக்கும் தரைக்கும் வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து ஒன்றாக்குவதும் சரி, இரண்டும் அதே நிமிடத்தின் வெளிச்சம். ஆனால் ராமேஸ்வரத்து வானத்தைத் தென்காசி வயலின் மேல் ஒட்டினால், ஆடியில் தென்காசியில் அப்படி மேகம் வருமென்று நம்பி ஒருவர் கிளம்பி வருவார். நிழலின் திசை பொருந்தாததைக் கவனிக்கிறவர் கண்டுபிடித்தும் விடுவார். ஓவியம்போலச் செய்கிறேன் என்றால் படத்தின் கீழே அதைச் சொல்லிவிடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

20. "நாலு தடவை போயிட்டேன். ஒரு படம் கூட அமையல. என்ன தப்பு பண்றேன்?"

எங்கே போனீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் நாலு தடவையும் நாலு ஊராக இருக்கும். ஒரே இடத்துக்கு நாலு முறை போயிருந்தால் அமைந்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் ஒரு கண்மாய் இருக்கிறது. ஐப்பசியில் நீர் ஏறும்போது கரையின் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். தையில் பனிப்புகை. சித்திரையில் வெடித்த சேறு. ஒன்பது வருடமாகப் போகிறேன். எந்த மரத்துக்குப் பின்னால் எந்த மாதம் சூரியன் வரும் என்று இப்போது தெரியும். மூட்டம் போட்டால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றும் தெரியும். கொடைக்கானலில் இரண்டு நாளில் அது தெரியாது.

21. "சூப்பர் இடம் சார். லொக்கேஷன் அனுப்புங்களேன்?"

முட்டம், தரங்கம்பாடி, தென்காசி வயல் என்றால் உடனே அனுப்புவேன். எல்லோரும் வந்து போகிற இடங்கள், அங்கே கடை வைத்திருப்பவருக்கும் நல்லது. சின்ன ஓடை, சோலைக்குள் இருக்கும் ஒற்றைப்பாதை, பறவை கூடு கட்டும் பாறை, இவற்றுக்கு அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் 2018. அந்த வருடம் கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பூத்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு சரிவின் படத்தை இடக்குறிப்போடு நாங்கள்தான் முதலில் பகிர்ந்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனபோது நடுவே புதிதாக ஒரு பாதை, இரண்டு பக்கமும் ஒடித்த கிளைகள், பூவைக் கொத்தாகப் பிடித்துப் படமெடுத்துவிட்டு அங்கேயே போட்டுப்போன குவியல். குறிஞ்சி பூத்து, விதை கொட்டி, செடி செத்துவிடும். அந்த விதைதான் 12 வருடம் கழித்துப் பூக்க வேண்டியது. அடுத்த பூப்பு 2030-ல். அந்தச் சரிவுக்கு அப்போது போவேன். ஊர்ப் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டேன்.